ஓவர்ஃப்ளோ டியூபில் ஒரு ஸ்க்ரூ

நான் வேலை பார்ப்பது லீக் டெஸ்ட் பிரிவில் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் தெரியவந்தால் நீங்கள் சிரிப்பை நிறுத்தவே மாட்டீர்கள்.

தேர்வாய் கண்டிகையில், கார்களுக்கு அலுமினியக் குழாய் செய்யும் தொழிற்சாலை. ஒவ்வொரு குழாயிலும் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். குமிழி வந்தால் சிவப்பு பெயிண்ட், வராவிட்டால் பச்சை. அந்தத் தொட்டி முன்னால் நின்று நின்று, உலகத்தில் எந்த ஓட்டையும் என் கண்ணுக்குத் தப்பாது என்ற திமிர் எனக்கு வந்திருந்தது. (கடையில் குடம் வாங்கினால்கூட முக்கிக் காட்டச் சொல்லுவேன்.)

வேலைக்குப் போய்வர என் மாமனார் ஓட்டிய பழைய கார்ப்பரேட்டர் பைக்தான். என் கணவர் சாலமன் மீஞ்சூருக்கு ரயிலில் போய்விடுவார். கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வராது. ஆகவே வண்டி எனக்கு. ஓடும்போது ஒரு குறையும் இல்லை, நிறுத்தினால்தான் வம்பு. கார்ப்பரேட்டருக்கு அடியில் தொங்கும் சின்ன ஓவர்ஃப்ளோ டியூபிலிருந்து பெட்ரோல் சொட்டும். சில நாள் சொட்டாது. சில நாள் நிறுத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார்.

"அண்ணன வரச் சொல்லும்மா. உனுக்குச் சொன்னா புரியாது."

அந்த நிமிடமே முடிவு செய்தேன். இந்த வண்டியை நான்தான் சரி செய்வேன்.

"எடைக்குப் போட்டுடலாம், ரீட்டா," என்றார் சாலமன்.

"முடி அளவு ஓட்டயக்கூட கண்டுபுடிக்கிறவ நானு. இத்த வுட்ருவனா?"

"கண்டுபுடிக்கிறது வேற, அடைக்கிறது வேறம்மா."

நான் காதில் வாங்கவில்லை. பெட்ரோல் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியை அடைத்தால் தீர்ந்தது. இதில் என்ன பெரிய வித்தை? டியூபின் வாயில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி, மேலே கம்பி சுற்றி இறுக்கினேன். அடியில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கிண்ணம் காய்ந்து கிடந்தது. மனசுக்குள் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டேன். (டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் குழாயை சாலமன் வழக்கம்போல மூடிவிட்டிருந்தார். வராத பெட்ரோலைத்தான் நான் வெற்றிகரமாகத் தடுத்திருக்கிறேன்.)

அன்றைக்குப் பார்த்து கம்பெனியில் ஆடிட். எங்களிடம் குழாய் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார். அவர் திருப்தியானால் புது ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் எங்கள் பிரிவில் இருக்கும் எட்டு ஒப்பந்தப் பெண்களும் வேலையில் நீடிப்போம். நான் அந்த எட்டில் ஒருத்தி. அவசரமாக வந்து, வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். பெட்ரோல் குழாயை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினொரு மணிக்கு மைக் அலறியது. "பச்ச டேங்க் பழைய வண்டி யாருது? உடனே பார்க்கிங்குக்கு வரவும்!"

ஓடினேன். ஸ்க்ரூ தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. டியூபிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. வெளியேற வழியில்லாத பெட்ரோல், கார்ப்பரேட்டரை நிரப்பி, ஒரு பக்கம் இன்ஜினுக்குள் இறங்கி, மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறி, அங்கிருந்து தரையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. பதற்றத்தில் சாவியைத் திருகிக் கிக்கரில் கால் வைத்தேன்.

"ஸ்டார்ட் பண்ணாத!" வாட்ச்மேன் நாகையா பாய்ந்து சாவியைப் பிடுங்கினார். "ஒரு பொறி பட்டா போதும், நீயும் இல்ல, நானும் இல்ல. இன்னாம்மா, பேஜாரு பண்றியே!" டேங்குக் குழாயை மூடி, மணல் வாளியைக் கவிழ்த்தார்.

மணல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி புது சேஃப்டி ஷூ. ஆடிட் மேடம். அவருக்குப் பின்னால், முகத்தில் ரத்தமே இல்லாமல் எங்கள் சூப்பர்வைசர் பிரகாஷ் சார்.

மேடம் குனிந்து பார்த்தார். "இது என்ன?"

"ஸ்க்ரூ மேடம்."

"எதுக்கு?"

"லீக் ஆகாம இருக்க."

"நீங்க எந்த செக்ஷன்?"

பிரகாஷ் சார் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் உதட்டை மட்டும் அசைத்தார். "கேன்டீன்னு சொல்லு, கேன்டீன்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் சட்டைப் பையின் மேல் பெரிய எழுத்தில் தைத்திருந்தது.

"லீக் டெஸ்ட், மேடம்."

நாகையா மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டு, இருமல் வந்ததுபோல நடித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "உள்ள ஒரு பார்ட் லீக் ஆனாலும் இப்படித்தான் அடைப்பீங்களா?"

"இல்ல மேடம். ஏன், ஏன்னு காரணம் கேட்டு ஃபார்ம் எழுதுவோம்."

"அப்ப இதுக்கும் எழுதுங்க. சாயந்திரம் நான் கிளம்பறதுக்குள்ள வேணும்."

எட்டுப் பேருடைய வேலை என் பைக்கின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிப்போய், ஸ்பேனர் வாங்கிவந்து, கார்ப்பரேட்டரைக் கழற்றினேன்.

பெட்ரோல் ஏன் வழிந்தது? உள்ளே போகும் பெட்ரோல் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது மேலே ஏறினால் ஒரு ஊசி போய் வழியை மூட வேண்டும். மூடவில்லை. மிதவையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் வரும் வழியில் வாய் வைத்து ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. நான் தினமும் செய்யும் அதே சோதனைதான்! இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லை. ஊசி ஏன் மூடவில்லை? முனை உட்காரும் இடத்தில் கடுகில் பாதி அளவுக்குத் துரு. துரு ஏன் வந்தது? பழைய டேங்க், நடுவில் ஃபில்டர் இல்லை. துடைத்துப் பூட்டி மறுபடி ஊதினேன். காற்று போகவில்லை. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் வரும் வரை ஊதினேன். போகவே இல்லை.

ஃபார்மின் கடைசிக் கட்டத்தில், இனி வராமல் தடுக்க என்ன செய்வீர்கள் என்று இருந்தது. டேங்கைக் கழுவுவேன், ஃபில்டர் போடுவேன், பெட்ரோல் கலந்த இன்ஜின் ஆயிலை மாற்றுவேன், வண்டியை நிறுத்தியதும் குழாயை மூடுவேன் என்று எழுதினேன். அதற்குக் கீழே, "ஸ்க்ரூ வைக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் நின்றபடியே படித்தார். கடைசி வரியில்தான் முதல் முறையாகச் சிரித்தார். ஆர்டர் வந்தது. அதற்கு எங்கள் குழாய்கள்தான் காரணம், என் ஃபார்ம் இல்லை என்று பிரகாஷ் சார் இன்றுவரை சாதிக்கிறார். ஆனால் புதிதாகச் சேருபவர்களுக்குக் காரணம் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் காட்டுவது என் ஃபார்மைத்தான்.

அன்று, பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்த கதையை சாலமன் எங்கள் தெருவில் சொல்லாத ஆளில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் எது ஒழுகினாலும் என் பேச்சுதான். போன வாரம் மகளுக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா!" என்று கூப்பிட்டாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் சாலமன் அவள் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதடி. ஸ்க்ரூ எடுத்துக்கினு வந்துடுவா."