கதிரை அண்ணையின் ஒத்திகை

எங்கள் ஊரில் எமனுக்குப் பயப்படாதவர்கள்கூடக் கதிரை அண்ணைக்குப் பயப்பட்டார்கள். எமன் வருவது கண்ணுக்குத் தெரியாது. கதிரை அண்ணை லான்ட்மாஸ்டரில் வருவார். அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம் போடும் சத்தம் அடுத்த ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கே கேட்கும். பின்னால் பெட்டியில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக் கயிற்றால் கட்டியிருப்பார். புத்தகத்தில் நாற்காலி என்று எழுதுவதைத்தான் நாங்கள் கதிரை என்கிறோம்.

கரவெட்டிப் பக்கத்தில் கலியாணமோ, கோயில் கூட்டமோ, செத்தவீடோ எதுவென்றாலும் கதிரையும் பந்தலுக்கு மேலே கட்டுகிற படங்கும் அவரிடம்தான் வாடகைக்கு எடுக்கவேண்டும். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவரோடு கதைப்பது ஒரு வேதனை. முகத்தைப் பார்க்கமாட்டார். நீங்கள் சுகம் விசாரிக்கும்போது அவருடைய கண் உங்கள் வீட்டு வளவில் மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டுச் சாவுக்கு எத்தனை கதிரை கொள்ளும் என்று மனதுக்குள் கணக்குப் பார்க்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை கோயில் தர்மகர்த்தா அவரை மடக்கப் பார்த்து, எனக்கு எவ்வளவு சனம் வருமென்று நினைக்கிறாய் என்று கேட்டார். ஊரில் பாதிப்பேருக்குக் காணி குத்தகைக்கு விட்டிருந்த மனிதர். பெரிய பதிலாக வரும் என்று எதிர்பார்த்திருப்பார்.

"எண்பது கதிரை காணும் ஐயா," என்றார் கதிரை அண்ணை. "அதிலையும் பின்வரிசை வெறுமையாத்தான் கிடக்கும்."

அந்த வருடத் திருவிழாவுக்குத் தர்மகர்த்தா வேறு ஊரில் கதிரை எடுத்தார். சனம் கால் உடைந்த கதிரைகளில் இருந்து சாமி பார்த்தது.

இதைவிடப் பெரிய விசர் ஒன்றும் அவருக்கு இருந்தது. எந்த விசேசத்துக்கும் ஒத்திகை பார்க்காமல் கதிரை போடமாட்டார். கலியாணத்துக்கு முதல்வாரமே வந்து எல்லாக் கதிரையையும் இறக்கி வரிசையாகப் போடுவார். பிறகு ஒவ்வொன்றிலும் இருந்து பார்ப்பார். இதிலிருந்து மணவறை தெரிகிறதா, இதில் பத்து மணிக்கு வெயில் அடிக்குமா, முழங்கால் நோகிற கிழவர் எழும்பிப் போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவ்வளவையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார். நாடாவால் அளந்தால் போதாதா என்று ஒரு பெண்ணின் தகப்பன் கேட்டிருக்கிறார். நாடாவுக்கு இடுப்பு இருக்கோ என்று கேட்டாராம் இவர்.

செத்தவீட்டுக்குத்தான் ஒத்திகை பார்க்க வழியில்லை. அது அவருக்கு மனதில் பெரிய குறை. என்னுடைய மில்லுக்கு மிளகாய்த்தூள் அரைக்க வரும்போதெல்லாம் அதையே சொல்லி அழுவார். ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லுறாங்கள் இல்லைப் பிள்ளை, அவசரத்திலை கண்டபடி போடவேண்டிக் கிடக்கு, பிரேதத்தை எடுக்கிற நேரத்திலை கதிரையைத் தூக்கி எறியவேண்டிக் கிடக்கு என்பார்.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் மாவும் தூளும் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். புருசன் செத்துக் கனகாலம். ஒரே மகன் கனடாவில். என் வாய் கூடாது. மில் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி வளர்ந்த வாய் அது. பக்கத்து வீட்டு ராணியோடு வேலிச் சண்டையில் பேச்சு நின்று வருடக்கணக்கு. மற்றவர்கள் மாவை வாங்கிக்கொண்டு கெதியாகப் போய்விடுவார்கள்.

இருமல் வந்தபோது மாத்தூசி என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், பிறகு பெரிய படம் எடுத்தார்கள், பிறகு ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். கடைசியில் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள்.

எங்கள் ஊரில் இந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்தி, கூடாத வருத்தம் என்பார்கள். பெயரைச் சொன்னால் பாய்ந்து பிடித்துக்கொள்ளும் என்று எண்ணமாக்கும். அதிலும் நுரையீரல் என்றால் அடுத்த கேள்வி ஆயத்தமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்த ஒருத்தி, முன்பின் தெரியாதவள், என்னிடம் குனிந்து, ஒளிச்சு மறைச்சுச் சுருட்டுக் குடிச்சனீங்களோ அக்கா என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். "உங்கடை மனிசன்தான் வாங்கித் தந்தவர்."

அதற்குப் பிறகு யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். மகனுக்கும் சொல்லவில்லை. நெஞ்சுச்சளி என்றேன். முதல் இரண்டு தடவையும் மருந்து ஏற்ற பஸ் மாறித் தனியாகப் போனேன். திரும்பி வரும்போது குமட்டிக் குமட்டிப் பைக்குள் சத்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள். நடத்துநர் ஒரு வெறிகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். தலைமயிர் கையோடு வந்தது. தலையில் துவாயைக் கட்டிக்கொண்டேன். மில்லைப் பூட்டினேன். மூன்றாவது தடவை போவதில்லை என்று தீர்மானித்தேன்.

இதில் வீரமும் இல்லை, ஞானமும் இல்லை. சத்தி எடுக்கும்போது தலையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. சாகிறது அதைவிட இலகுவாகத் தெரிந்தது.

மில் பூட்டியிருப்பது தெரியாமல் கதிரை அண்ணை மிளகாயோடு வந்தார். எனக்கு எரிச்சல். எரிச்சலில்தான் கேட்டேன்.

"அண்ணை, ஒரு செத்தவீட்டுக்குக் கதிரை வேணும்."

"ஆற்றை செத்தவீடு?"

"என்ரை."

வேறு யாராக இருந்தாலும் வாயில் கையை வைத்து, அப்படிக் கதையாதேங்கோ என்று சொல்லியிருப்பார்கள். அவர் எப்ப என்று கேட்டார். நோயின் பெயரைச் சொன்னேன். வருகிற செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றும் நாள் என்றும், நான் போகப்போவதில்லை என்றும், அதனால் கனகாலம் இழுபடாது என்றும் சொன்னேன். மிளகாய்ப் பையைக் கீழே வைத்தார்.

"அப்ப, முன்கூட்டியே சொல்லுறாய்," என்றார்.

எத்தனை கதிரை என்று பேச்சு வந்தது. எனக்குச் சனம் வராது, கொஞ்சம் போதும் என்றேன். அதைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்லுவேன் என்றுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை லான்ட்மாஸ்டர் சத்தத்தில் கண் விழித்தேன். யன்னலால் பார்த்தால் கதிரை அண்ணை என் முற்றத்தில் கதிரை இறக்கிக்கொண்டிருக்கிறார். நீ படு, நான் பாத்துக்கொள்ளுறன் என்று கையைக் காட்டினார். மாமரத்துக்கும் தூணுக்கும் படங்கு கட்டினார். வாசலில் பிரேதம் எடுக்க வழி விட்டு வரிசை பிரித்தார். பிறகு ஒவ்வொரு கதிரையிலும் இருந்து எழும்பத் தொடங்கினார். செத்தவீட்டு ஒத்திகை ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆயுள் முழுக்கக் காத்திருந்த மனிதர். தடுக்க எனக்குச் சீவன் இல்லை. பின்னால் கிணற்றடிக்குப் பல் தீட்டப் போய்விட்டேன்.

நீங்களே சொல்லுங்கள். மாதக்கணக்கில் இருமினவள் வீடு. மில் பூட்டிக் கிடக்கிறது. கலியாணம் கட்ட அந்த வீட்டில் ஆள் இல்லை. முற்றத்தில் கதிரை இறங்குகிறது. ஒழுங்கைச் சனம் என்ன நினைக்கும்?

முதலில் இரண்டு ஆம்பிளைகள் ஒன்றும் பேசாமல் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். யாரோ வாசல் படலையில் வெள்ளைத்துணி கட்டினார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி படலையிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டாள். என் மில் மாவின் பதத்தைப் புகழ்ந்து பாடினாள். உயிரோடு இருந்தபோது மா குறுணி என்று என்னோடு சண்டை பிடித்தவள் அவள்தான். கதிரை அண்ணைக்கோ ஒத்திகைக்குச் சனம் உதவிக்கு வந்துவிட்டது என்று பெரிய சந்தோசம். அதிலை இருங்கோ, வெயில் படாது, உங்களுக்கு நாரிப் பிடிப்பெல்லோ, கரையிலை இருங்கோ என்று ஆட்களை இருத்திக்கொண்டிருந்தார்.

செத்தவீட்டில் அடுப்பு எரியாது. தேத்தண்ணி பக்கத்து வீட்டிலிருந்துதான் வரவேண்டும். பேச்சு இல்லை என்றாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதான். ராணி பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள். அந்த நேரம் பார்த்து நான் வாய் நிறைய நுரையோடு வீட்டு மூலையால் திரும்பினேன்.

ஒப்பாரி பாதிச் சொல்லில் நின்றது. ராணி கேத்திலைக் கீழே போடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள் சாகேல்லையோ?"

"இல்லை."

"சீனி போட்டுட்டன்," என்றாள். "குடியுங்கோ."

அதற்குள் தொலைபேசி அடித்தது. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அடுத்த ஒழுங்கைக்குத் தெரிய முதல் கனடாவுக்குத் தெரியும். மகன் குழறிக்கொண்டிருந்தான். நான்தான் தம்பி கதைக்கிறன் என்றேன். அவனுக்கு விளங்க நேரம் எடுத்தது. இனி ஒளிக்க இடமில்லை. அவ்வளவு சனத்துக்கு நடுவில், நுரையீரலிலை புற்றுநோய் எண்டு சொல்லிப்போட்டாங்கள் என்று உரக்கச் சொன்னேன். முற்றத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டான். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு எனக்குக் கோபம் வந்தது. சனத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"செத்தால் தேத்தண்ணியோடை ஓடி வாறியள். இவ்வளவு நாளும் உயிரோடை கிடந்து இருமினனே, ஆர் இந்தப் படலையைத் திறந்தனீங்கள்?"

"நீங்கள் திறக்க விட்டால்தானே," என்றாள் ராணி.

சனம் மெதுவாக எழும்பத் தொடங்கியது. கதிரை அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

"இருங்கோ, இன்னும் பாத்து முடியேல்லை," என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இண்டைக்கு இவவுக்கு மருந்து ஏத்துற நாள். தனியப் போக ஏலாமல் படுத்திருக்கிறா. ஆரும் கூட்டிக்கொண்டு போனால் கதிரையை நான் இப்பவே ஏத்துவன். இல்லாட்டில் உது இஞ்சையே கிடக்கட்டும். திருப்பித் திருப்பி ஏத்தி இறக்க என்ரை நாரிக்கு ஏலாது."

தனியப் போக ஏலாமல் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சனத்தை நான் எவ்வளவும் திட்டுவேன். ஆனால் செத்தவீட்டு வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. பந்தல், தேத்தண்ணி, ஐயர், விறகு எல்லாம் யாரும் சொல்லாமலே ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுவார்கள். அன்றைக்கும் கை அந்தப் பழக்கத்திலேயே ஓடியது. தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் ஓட்டோ வந்தது. இன்றைக்கு யார் போவது, அடுத்தமுறை யார், கஞ்சி யார் காய்ச்சுவது, மில்லுக்கு யார் நிற்பது என்று பிரித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பிரேதத்திடம் யார் கேட்பார்கள்?

ராணி செத்தவீட்டுக்கு உடுத்திவந்த சேலையோடேயே ஓட்டோவில் ஏறினாள். வரும்போது நான் சத்தி எடுக்க, தலையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, வேலியிலை நீங்கள் செய்தது பிழைதான் என்றாள். இன்றைக்கும் அந்த வேலிக் கதையில் அவளும் இறங்கி வரவில்லை, நானும் இறங்கி வரவில்லை.

வேண்டுமென்றுதான் செய்தீர்களா என்று கதிரை அண்ணையைப் பிறகு கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கதிரையோடை நான் விளையாடுறேல்லை என்றார்.

படத்தில் நிழல் சின்னதாகியிருக்கிறது என்று டொக்டர் சொல்கிறார். அதற்குமேல் அவர் வாக்குக் கொடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை. சில நாள் மூச்சு ஏறாது. சில நாள் மில்லில் நின்று சனத்தைத் திட்டக் காற்றுக் காணும். பப்பாசி இலைச்சாறு கொண்டுவருகிறவர்களை இன்னும் படலையால் துரத்துகிறேன். நம்பிக்கை, நம்பிக்கை என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசித்து எனக்கு ஒன்றும் வந்ததில்லை. ஓட்டோவில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் வருகிறது.

முறை வைத்துச் சனம் வருகிறது. கதிரை அண்ணைக்கும் ஒரு முறை உண்டு. எத்தனையோ பிரேதம் பார்த்த மனிதர், எனக்கு ஊசி குத்தும்போது சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார். பிறகு எங்கள் வளவுகளை அளக்கிற அதே கண்ணால் மருந்துப் போத்தலை முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வருகிற நாட்களில் மருந்து கெதியாக இறங்கிவிடுகிறது. அப்படி இருக்காது, எல்லா நாளும் ஒரே அளவு, ஒரே வேகம்தான் என்று தாதிப் பிள்ளை சொல்கிறாள். ஊர் முழுக்க வாதாடுகிற நான் அவளோடு மட்டும் வாதாடவில்லை. பாவம், அவள் இந்த ஊருக்குப் புதிது.