வேட்பாளர் மனைவி மேலூரில்

இந்தத் தேர்தலில் சாக்கடையைப் பற்றி மட்டும்தான் பேசுவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடமும் சாக்கடைதான். மதுரை கே.கே. நகருக்கும் பின்னால், பெயருக்கு மட்டும் நகராக இருக்கிறது எங்கள் செவ்வந்தி நகர். வாசலில் போட்டிருந்த செங்கல்லில் கால் வழுக்கி உள்ளே விழுந்து எழுந்தபோது வாயில் வந்த சபதம் அது. ஏழு வருடமாக அடைத்துக் கிடக்கிறது. தெருவில் விழாதவர்கள் யாருமில்லை. என் மனைவி தமிழ்வாணி மட்டுமே மூன்று தடவை.

தையல் மிஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்த இந்தப் பால்பாண்டி, கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக மனுப் போட்டேன். தலையணைச் சின்னம் கொடுத்தார்கள். பதினேழு அம்சத் திட்டம் அச்சடித்தேன். பதினேழும் சாக்கடைதான், சுற்றிச் சுற்றி எழுதியிருந்தேன். வீட்டிலிருந்த ஆறு தலையணையும் பிரசாரத்துக்குப் போயின. வாணி பழைய சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள். நாட்டுக்காகச் சில தியாகங்கள் செய்யத்தான் வேண்டும்.

ஆனால் என் திட்டம் ஒரு செய்தியிலும் வரவில்லை. எதிர்த்து நின்றவர் நல்லகாமன், போன தடவை கவுன்சிலராக இருந்தவர். அவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் மருமகள் ஆர்த்திகா, மாமியார் வைத்த கோழிக்குழம்பை வேண்டாம் என்று தள்ளி வைத்தாராம். மூன்று நாளாக அதே செய்தி. குழம்பில் காரம் கூடுதலா குறைவா என்று நான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு விவாதம் செய்தார்கள்.

'வைகைப் பரபரப்பு' யூடியூப் சேனல் சூர்யபிரகாஷை டீக்கடையில் மடக்கினேன்.

"தம்பி, என் பதினேழு அம்சத்த ஒருவாட்டி போட்டு விடுங்க."

"அண்ணே, சாக்கடைய யாருண்ணே உக்காந்து பாப்பா? வீட்ல ஏதாச்சும் பிரச்சனை இருக்கா?"

"வீட்டு வாசல்லயே இருக்கு."

"அது இல்லண்ணே. அண்ணி கூடச் சண்டை, மச்சான் கூட மனத்தாங்கல், இப்படி ஏதாச்சும்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போதும் சொல்கிறேன், யோசனையில் தப்பே இல்லை.

"வாணி, நீ கோவிச்சுக்கிட்டு மேலூருக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போகணும்."

"எதுக்குங்க? எனக்குக் கோவமே இல்லையே."

"இருக்கிற மாதிரி போ. மைக்கெல்லாம் தேடி வரும். நாலாவது நாள் மல்லிகைப்பூவோட உன்னைக் கூப்பிட வாரேன். அம்புட்டுக் கேமராவும் அங்கதேன் நிக்கும். பதினேழையும் எடுத்து விட்டுருவேன்."

"எதுக்கு வந்தன்னு கேட்டா என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. முந்தானையில கண்ணத் தொடச்சுக்க."

"சும்மா தொடச்சா யாரு நம்புவா? எங்கூர்ல காரணம் இல்லாமக் கோவிச்சுக்கிட்டுப் போனா, அடுத்த பஸ்ஸுலயே ஏத்தி விட்டுருவாய்ங்க."

"அப்ப காரணத்த நீயே பாத்து வச்சுக்க. எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "காரணம் என் பொறுப்பு. அப்படித்தான?"

"அப்படித்தேன்."

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வாணி மேலூர் பஸ் ஏறியதும் சேதியைச் சூர்யபிரகாஷ் காதில் போட்டேன். மறுநாள் பத்து மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் பதினோரு மைக். செங்கல்லில் இடம் பற்றாமல் இரண்டு நிருபர்கள் சாக்கடைக்குள் இறங்கினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், கை நீட்டிட்டீங்களா?"

"அம்சம் ஒண்ணு. கழிவுநீர்க் குழாய்..."

"மாமியார் தூண்டுதலா?"

"அம்சம் ரெண்டு..."

"தலையணைச் சின்னம் வாங்கியும் தலையணை மந்திரம் பலிக்கலையா சார்?"

மதியச் செய்தியில் என் முகம் வந்தது. கீழே, 'தனியாகத் தவிக்கும் தலையணை' என்று போட்டிருந்தார்கள். அம்சம் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.

சாயங்காலம் மேலூரிலிருந்து நேரலை. மாமியார் வீட்டு வாசலில் வாணி பட்டுப் புடவையோடு நின்றாள். கோபித்துக்கொண்டு போகிறவள் பட்டுப் புடவையை எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை. முந்தானை கண் பக்கமே போகவில்லை.

"எங்க வீட்டுக்காரரு தங்கமானவரு. அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. வாசல்ல ஏழு வருசமாச் சாக்கடை நிக்கிது. மூணு தடவ விழுந்துட்டேன். அது ஓடுனாத்தேன் அந்த வீட்டுல கால் வைப்பேன். அவரு பூவோட வந்தாலும் சரி, மேளதாளத்தோட வந்தாலும் சரி."

நான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டேன். என் பதினேழு அம்சத்தையும் நாலே வரியில் சொல்லிவிட்டாளே. அடுத்த இரண்டு நாளும் மதுரைக்கு வேறு பேச்சே கிடையாது. பஸ்ஸில், பால் பூத்தில், ரேஷன் கடை வரிசையில், "அந்தப் பிள்ள வீட்டுக்கு வந்துருச்சா" என்றுதான் கேட்டார்கள். ஆர்த்திகாவின் கோழிக்குழம்பு ஆறியே போனது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். பதவியேற்புக்கு வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் தெருவே அதிர்ந்தது. அடைப்பை உறிஞ்சுகிற லாரி இரண்டு. முன்னால் நல்லகாமன். அவருக்கும் முன்னால் ஒரு பேனர்: 'தங்கை தமிழ்வாணி வீடு திரும்ப வழி திறந்த பாச அண்ணனே!'

"தேர்தல் நேரத்துல இதெல்லாம் செய்யலாமாண்ணே?" என்றேன்.

"புது வேலைதேன் செய்யக் கூடாது மாப்ள. இது ரிப்பேரு."

முந்தாநாள் வரை என்னை 'யோவ்' என்று கூப்பிட்டவர். தங்கச்சி கிடைத்ததும் நான் மாப்ள ஆகிவிட்டேன்.

மதியத்துக்குள் சாக்கடை சலசலவென்று ஓடியது. அதோடு சேர்ந்து என் பதினேழு அம்சமும் ஓடின. நான் பூ வாங்கக் கிளம்புவதற்குள் நல்லகாமன் காரிலேயே வாணி வந்து இறங்கினாள். கையில் அண்ணன் வைத்துக் கொடுத்த சேலை.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? நான் இனிமே எதைச் சொல்லி ஓட்டுக் கேப்பேன்?"

"ஏங்க, நீங்க ஜெயிச்சு, பதவி ஏத்து, தீர்மானம் போட்டு, அது எப்ப ஓட? இப்பப் பாருங்க, மூணு நாள்ல ஓடுது. நீங்களும் இதுக்குத்தான நின்னீங்க?"

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"தெரு லைட்டு எரியலைல. அதக் கையில எடுங்க. இந்தத் தடவ நீங்க கோவிச்சுக்கிட்டு பசுமலைக்கு, உங்க அக்கா வீட்டுக்குப் போங்க. மைக்கெல்லாம் அங்குட்டு வரும். இங்க கேட்டா நான் பாத்துச் சொல்லிக்கிறேன்."

எனக்குப் புல்லரித்தது. கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும். அந்த நிமிஷமே பையைத் தூக்கினேன். தலையணைகளை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். வைத்துவிட்டு வந்தேன்.

இன்றோடு நான்கு நாள். பசுமலைக்கு ஒரு மைக் கூட வரவில்லை. சற்று முன்னால் அக்கா வீட்டு டிவியில் வாணி தெரிந்தாள். சூர்யபிரகாஷ் மைக்கை நீட்டினான்.

"அண்ணி, அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாராமே?"

வாணி சிரித்தாள். "அவருக்கு என்ன கோவம் தம்பி? அக்கா கைப் பிரியாணின்னா உசுரு. சாப்பிடப் போயிருக்காரு. நானும் ஒரு மாசம் கழிச்சு இப்பத்தேன் தலைக்குத் தலையணை வச்சுப் படுக்கிறேன்."

அக்கா வீட்டில் நான்கு நாளாக உப்புமா.