கம்ப்யூட்டர் சாமியின் செப்புத் தகடு

2008இல் அலுவிகாரை என்ற ஊரில் புதிதாக ஒரு தெய்வசக்தி இறங்கியது. பேய் ஓட்டுவது, குறி சொல்வது எல்லாம் பழைய தொழில். இது இன்டர்நெட்டுக்கென்றே இறங்கிய சக்தி! கொண்டுவந்தவர் மாணிக்கவாசகம். ஊர் அவரைக் கம்ப்யூட்டர் சாமி என்றது.

நம் ஆட்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு வளைகுடா நாட்டில், இன்டர்நெட்டில் பேசுவதைத் தடுத்திருந்தார்கள். சாமியோ, "லைன்ல சனி குந்தியிருக்கான்" என்றார். பரிகாரம் இரண்டு: இங்கே கம்ப்யூட்டர்மேல் செப்புத் தகடு, அங்கே புருஷன் போட்டுப் பார்க்க மந்திர சீடி. பேச்சு வந்தது! கூட்டம் ரோட்டுவரை நின்றது. ஒரு மாதத்தில் பேச்சு நின்றது. மறுபடி தகடு, மறுபடி சீடி. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை நகர்கிற சனி, மாணிக்கவாசகத்துக்காக மாதாமாதம் ஓடிவந்தது.

இலட்சுமிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. புருஷன் பழனிமுத்து இன்னும் முகம் பார்க்கவில்லை. அடுத்த தகட்டுக்காகத் தாலிக்கொடியைக் கழற்றப்போனவளை அடுத்த வீட்டு மஸூதா தடுத்தாள்.

"பொறு இலட்சுமி. அந்த சீடிய எங்க வீட்டுக்காரரைப் பாக்கச் சொல்றேன்."

அவள் கணவன் மர்சூக், அங்கே பழனிமுத்துவோடு ஒரே அறையில் இருந்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "மந்திரமாவது! தடையச் சுத்திப் போற வீபிஎன் புரோகிராம். ஒரு மாசம் காசில்லாம ஓடும், பொறகு பூட்டிக்கும்."

சாமி இல்லாமலே தடையைச் சுற்றிப் போக, மாதக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அதற்கென்றே விற்கும் கருவி என்று பல வழிகள் இருந்தன. மஸூதா எளியதைத் தேர்ந்தாள்: தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஏற்கெனவே இருந்த வீபிஎன் வசதி. மர்சூக் போனில் சொல்லச் சொல்ல அமைத்தாள். பிறகு பிள்ளையும் கையுமாக இலட்சுமியைச் சாமி வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

"சாமி, ஒங்க கம்ப்யூட்டர்லயே பேசிப் பாப்போம். தகட்டைக் கழட்டுங்க."

"கழட்டினா கண்ணு போயிரும்!"

"போனா என் கண்ணுதானே?" அவளே பிய்த்தெடுத்தாள்.

திரையில் பழனிமுத்து வந்தான். பிள்ளையைப் பார்த்ததும் அழுதுவிட்டான். இலட்சுமியும் அழுதாள்.

"அது பழைய தகட்டோட சக்தி!" என்றார் சாமி.

"அப்படியா?" மஸூதா திரையைப் பார்த்துச் சொன்னாள்: "மர்சூக், அந்த வழிய மூடுங்க."

திரை அணைந்தது. சாமி பத்துத் தகடு அடுக்கினார். கற்பூரம் காட்டினார். ஒன்றும் வரவில்லை. மஸூதா போனில் வழியைத் திறக்கச் சொன்னாள். பழனிமுத்து திரும்பி வந்தான்.

மஸூதா கூட்டத்துக்கு விளக்கினாள்: "அவுங்க பேச்சு, வெளிய தெரியாத குழாய்க்குள்ள வர்ற தண்ணி மாதிரி மொதல்ல எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருது. அங்கயிருந்து வெளிய போகுது. அவ்வளவுதான்."

கூட்டம் சாமி பக்கம் திரும்பியது. சாமி பின்வாசல் பக்கம் திரும்பினார்.

வரிசையில் நின்ற காத்தாயி பயபக்தியோடு கேட்டாள்: "அப்போ ஒங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு சூடம் கொளுத்தலாமாம்மா?"

மஸூதா தலையில் அடித்துக்கொண்டாள். "கும்புடாதீங்க, கேள்வி கேளுங்க! நீங்க கேக்காததுனாலதான் அந்த ஆளு சாமியானான்."