எல்லா ஸ்டாப்பிலும் நின்ற சைக்கிள்

சைக்கிளை டைம்டேபிள் பார்த்து ஓட்டிய மனிதர் இந்த மலேசியாவிலேயே ஒருவர்தான். அவர் வீட்டில் குடியிருந்தவன் நான் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், பாச்சாங்கில் அவர் வீட்டு முன்னறை என் வாடகை அறை. அங்கிருந்து செலண்டார் ஊருக்குப் போகும் பஸ்ஸை இருபது வருஷமாக ஓட்டியவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் அவர் 'செலண்டார் அண்ணே'. கனத்த சரீரம். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் பேப்பரைச் செருகினால் கீழே விழாது.

திடீரென்று ஒருநாள் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். மறுநாளிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் குளித்து, திருநீறு பூசி, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட யூனிபார்மோடு அதில் கிளம்பிவிடுவார். வெயில் ஏறிய பிறகுதான் வேர்வையில் தொப்பலாக நனைந்து திரும்புவார். கேட்டால், "மதியான ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க" என்பார். மதியான ஷிஃப்டுக்கும் விடியற்கால சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு மண்டை குடைந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கோ வயிறே எரிந்தது.

"தம்பி, பக்கத்து வீட்டுக்காரி செலண்டார் பாசார்ல காய் வாங்கப் போனப்ப அவரப் பார்த்தாளாம். கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கிட்டு நின்னாராம். அம்பது வயசுல அந்த ஊர்ல யாருக்குக் காட்ட தலை சீவுறாரு?"

"சேச்சே, அண்ணே அப்படிப்பட்ட ஆளில்லைக்கா."

"அப்ப நீயே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு லா!"

இதற்குத்தானே காத்திருந்தேன்! மறுநாளே என் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். சைக்கிள் வேகத்தில் மோட்டாரை உருட்டுவது லேசான காரியமில்லை. இருட்டில் அவருடைய பின்விளக்கு மட்டும் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பாச்சாங் தாண்டியதும் நின்றது. காலை ஊன்றினார். பின்னால் திரும்பி ஆள் இறங்குவதைப் பார்ப்பது போல் பார்த்தார். மணியை 'கிணிங்' என்று அடித்துவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றார், மறுபடி 'கிணிங்'. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நிற்கிறார்!

டுரியான் துங்கால் ஊர் வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. ரப்பர் தோட்டத்துப் பனி இன்னும் ரோட்டில்தான் கிடந்தது. அவர் சட்டென்று நிற்க, நான் முட்டப் போய் என்ஜின் அணைந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, பஸ்ஸுக்குப் பின்னாடி இவ்வளவு ஒட்டிக்கிட்டு வரக்கூடாது."

அந்த ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். லைசன்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் பிரஷர் எக்கச்சக்கம் என்று டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மாதம் தவணை, அதற்காகத்தான் இந்தச் சைக்கிள். அதற்குள் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். அதுவரை மதியானத்தில் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை.

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே?"

"அவ டிரைவரைக் கட்டிக்கிட்டவ தம்பி. பஸ் கழுவுறேன்னு எந்த வாயால சொல்றது?"

"யூனிபார்ம் எதுக்கு?"

"இந்த ரோட்டுல எல்லாரும் தெரிஞ்சவங்க. சட்டை இல்லாம பார்த்தா வேலை போயிடுச்சும்பாங்க."

முருகன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம், "உடம்புக்காக எக்சர்சைஸ்க்கா" என்றேன். "பவுடர் போட்டுக்கிட்டா?" என்றார் அக்கா. நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன்பிறகு லீவு நாளில் நானும் கூடப் போவேன். ஆரம்பத்தில் அவர் செலண்டார் போய்ச் சேர ஒரு மணி நேரம் லேட். "இருபது வருஷத்துல இப்படி லேட்டானதே இல்ல" என்று அவமானப்பட்டார். இரண்டாம் மாதம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். மூன்றாம் மாதம் பஸ்ஸையே முந்த ஆரம்பித்தார். அப்புறம்தான் தொல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போகலாமேண்ணே!"

"இந்த ஸ்டாப்ப ஆறு பதினொண்ணுக்குத்தான் விடணும். முன்னாடியே போயிட்டா, ஓடி வர்றவன் ஏமாந்துடுவான்."

"உங்க சைக்கிளுக்கு யாருண்ணே ஓடி வரப் போறான்?"

"வந்தா?"

நானும் நின்றேன்.

தவணை முடிந்தது. கிளினிக்குக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார். நர்ஸ் மிஸி கையில் பட்டையைச் சுற்றியதும் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. பிரஷர் பழையபடி மேலே! "பயத்துல ஏறியிருக்கும். அரை மணி நேரம் உக்காருங்க. அப்பவும் இறங்கலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் தமிழ் டாக்டர். அண்ணே பெஞ்சில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே பப்ளிக் போனுக்கு ஓடினேன்.

அரை மணி நேரத்தில் டாக்சியில் வந்து இறங்கினார் அக்கா, அள்ளி முடிந்த கொண்டையோடு. அதற்குள் அண்ணனை மறுபடி உள்ளே கூப்பிட்டுப் பட்டையைச் சுற்றியிருந்தார்கள். அக்கா நேராக உள்ளே புகுந்தார்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? பிரஷர்னு சொன்னா கழுத்தையா நெரிச்சிருப்பேன்? மூணு மாசமா எந்தச் சிறுக்கியோன்னு நான் சோறு தண்ணி இல்லாம கிடந்தேனே! பஸ் கழுவுனா என்ன, பாத்திரம் கழுவுனா என்ன? நான் உங்களைக் கட்டிக்கிட்டேனா, பஸ்ஸைக் கட்டிக்கிட்டேனா? உப்பைக் குறைச்சிருப்பேனே! கருவாட்டை நிறுத்தியிருப்பேனே!"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தோள் தளர்ந்து, முகம் தெளிந்து, உதட்டோரம் சிரிப்புக்கூட வந்துவிட்டது. அக்கா மூச்சு வாங்க நிறுத்தினார்.

"அம்மா, நிறுத்தாதீங்க!" என்றார் டாக்டர், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இறங்குது!"

அக்கா அழுதுகொண்டே திட்டினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது எனக்கும் பிரஷர் வந்துவிட்டது. கிளினிக்கில் கையில் பட்டையைச் சுற்றும்போதெல்லாம் கண்ணை மூடி அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் இறங்கிவிடுகிறது.