உவர் வென்றான் பராக்கிரமம்

"எனக்கும் இந்த வீட்டுல பங்கு வேணும்ண்ணே."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் உயிர்போனாலும் கேட்டுவிடாதே என்று தாய் தையல்நாயகி சடங்கான நாள்முதல் காதில் ஓதி வளர்த்த அந்த ஒற்றை வாக்கியத்தை, மாங்கனித் திருவிழா முடிந்த மறுவாரம், இட்லித் தட்டின் முன்னமர்ந்து, குலத்தின் முதல் பட்டதாரியாம் சுகிர்தா உரைத்துவிட்டாள். சாம்பார் நடுங்கிற்று. மின்விசிறி ஒருகணம் சுழல மறந்தது. ஆயினும் காவியமென்றால் அதற்கொரு நாயகன் வேண்டும். நாயகனென்றால் மீசை வேண்டும். ஆகவே மீசையுள்ளவனையே பாடுவோம்.

வாழ்க ஜெயபிரகாஷ்! நெரவி ஈன்ற நெடுந்தோளான். கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் கரி லாரிகள் புழுதிபறக்க அணிவகுத்துச் செல்கையில் நிழலில் நாற்காலியிட்டு அவற்றை மேற்பார்வையிடும் மாவீரன். தந்தை சுவாமிநாதன் மறைந்த பதினாறாம் நாளே குடும்பத் தலைமையையும் டிவி ரிமோட்டையும் ஒருசேரக் கைப்பற்றிய கோமகன். தான் குடித்த டம்ளரைத் தானே கழுவியறியாத் தூயகரத்தோன், வாழ்க! இருபது லிட்டர் வாளியில் பாற்கடலெனப் பள்ளிகொண்ட எமல்ஷன் தெய்வமே, இவன் புகழ்பாட எம் நாவில் இரண்டு கோட்டு அடித்தருள்க!

தங்கையின் கோரிக்கைக்கு வேந்தன் திருவாய் மலர்ந்தருளிய பிரகடனம் இது: "பங்கா? உன்னைய பிஎஸ்சி படிக்க வச்சமே, அதான்டி உன் பங்கு. விக்கிற பத்திரத்துல கையெழுத்த போடு, முறைப்படி பட்டுப்புடவை எடுத்துத் தாரேன். இப்ப போயி சுவத்த சொரண்டு."

ஏனெனில் போர் மூண்டிருந்தது. வீட்டை விலைபேச வரிச்சிக்குடி மதியழகன் வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்கடுத்து ஆடி பிறக்கிறது. ஆடியில் எவனும் அச்சாரம் போடமாட்டான். இடையில் குறுக்கே நின்றான் பகைவன். அவன் பெயர் உவர். கடலோர மணலை அள்ளிக் கலந்து அந்நாளில் கட்டிய கூடத்துச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை வெண்கொடி நாட்டி, உப்பாய்ப் பூத்து, உதிர்ந்து, மீண்டும் பூக்கும் சாகாவரம் பெற்ற அசுரன். சாந்தைக் கொத்தியெடுத்து, புதிதாய்ப் பூசி, மாதக்கணக்கில் காயவிட்டுத்தான் அவனை அடக்க வேண்டும் என்பது இக்கரையோரத்தில் வீடு கட்டிய யாவரும் அறிந்ததே. ஆனால் பஞ்சாங்கம் பார்த்துச் சுவருக்குக் கெடு வைக்கும் பெருமக்கட்கு இயற்கை ஒரு பொருட்டா? ஆனி முடிவதற்குள் சுவர் காய்ந்தாக வேண்டுமென்று மன்னன் ஆணையிட்டான். சுவருக்கு அவனைப் பயமில்லை.

படை திரண்டது. படையென்றால் இரண்டு பெண்கள். உப்புத்தாளேந்திய தாயும் மகளும் சுவர்தேய்க்க எழுந்த வெண்புழுதியில் தாயின் நரையும் மகளின் கருங்கூந்தலும் வேறுபாடின்றி ஒன்றாயின. மன்னனோ பிளாஸ்டிக் நாற்காலியாம் யானைமேல் ஆரோகணித்து, செங்கோலென ரோலரைப் பற்றி, சுவரில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, அதைத் தங்கையைக்கொண்டே படமெடுப்பித்து, 'சொந்த உழைப்பு' என்று ஸ்டேட்டஸ் வைத்து, டீ கேட்டான். மீதிச் சுவரைப் பெண்கள் அடித்தனர்.

முதல் கோட்டு ஐவரி நிறத்தில் முழுமதிபோல் ஒளிர்ந்தது. விடிந்து பார்த்தால் முழங்காலுக்குக் கீழே உவர் மல்லிகைப் பந்தலெனப் பூத்துச் சிரித்தது. இரண்டாம் கோட்டு, இரண்டாம் சிரிப்பு. வெகுண்டெழுந்த வேந்தன் பட்டி மாவைக் குழைத்து அப்பினான். பட்டி உப்பலாய் வெடித்துத் தரையில் வீழ்ந்தது. ஆத்திரத்தில் அவன் சுவரை உதைக்க ஓங்கிய வலக்கால் வாளிக்குள் இறங்க, கணுக்கால்வரை ஐவரி நிறம் பெற்றுத் திகழ்ந்தான். அக்காலில் மட்டும் உவர் ஏறவில்லை என்பதைச் சரித்திரம் பதிவு செய்க.

"யாரு வாளிய இங்க வச்சது?" என்று முழங்கினான்.

வைத்தவன் அவனே. ஆயினும் திட்டு வாங்கியவள் தாய்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நேர்ப்போரில் தோற்ற வீரன் சூழ்ச்சியில் இறங்கினான். காலண்டரை மாட்டிப் பார்த்தான், சிறியது. பிரிட்ஜை நகர்த்திப் பார்த்தான், ஒயர் எட்டவில்லை. கடைசியில் பரண்மேல் ஏறி, கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து சுகிர்தா பட்டம் பெற்ற பெரிய கண்ணாடிப் படத்தை இறக்கினான். ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்துவிடுமென்று இத்தனை ஆண்டு அந்தப் படத்துக்கு இடம் மறுத்த அதே திருக்கரத்தால், முழங்கால் உயரத்தில், உவரின் முகத்துக்கு நேரே ஆணியை வைத்துத் தங்கையைப் பார்த்தான்.

"ஆணிய புடிடி, கோணலா போவுது."

பிடித்தாள். சுத்தியல் விழுந்தது. சொல்ல வேண்டியதை எங்கே போய்ச் சொல்வதென்பதை அந்த ஆணி இறங்கி முடிவதற்குள் முடிவுசெய்துவிட்டாள்.

மதியழகன் வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர் படத்தருகே குனிந்தார். குனியாமல் அதைப் பார்க்க முடியாது.

"ஏந் தம்பி, போட்டோவ இவ்ளோ கீழயா மாட்டுவாங்க?"

"எங்க வீட்டு மொத பட்டதாரிங்க. சின்னப் புள்ளைங்க பாத்துப் படிக்கட்டுமேன்னு அதுங்க உசரத்துக்கு மாட்டியிருக்கோம்." வீட்டில் சின்னப் பிள்ளைகளே இல்லை.

"தங்கச்சியும் கையெழுத்து போடணும்ல?"

"அது போடும்ங்க. சொன்ன பேச்சு தட்டாது."

மேகங்களே, மெல்ல நகர்க! கடலே, மூச்சடக்குக! தட்டாத பிள்ளை குனிந்தாள். ஊழிக்காலத்துப் பெருங்காற்று ஓர் ஆலமரத்தை வேரோடு பறிப்பதுபோல் படத்தைச் சுவரிலிருந்து பறித்தாள். ஆணியோடு பட்டி பெயர்ந்தது. பட்டியோடு சாந்து பெயர்ந்தது. ஐவரித் திரை கிழிய, வெண்பற்கள் அனைத்தும் தெரிய வெளிப்பட்டு நின்றது உவர். மதியழகனின் செருப்பில்லாப் பாதங்கள்மேல் உப்பு மழையெனப் பொழிந்தது.

"அடியே சுகி, மானம் போவுதுடி!" என்று தாய் அலறினாள்.

"போவட்டும்மா. ரொம்ப நாளா இங்கதான கெடந்துச்சு."

சொல்லிவிட்டுத் தன் கறுப்பங்கிப் படத்தைக் கேடயமென மார்போடணைத்து, ஒற்றைக்கால் வெளுத்த மன்னனையும், ஆனி ஆடி இரண்டையும், நெய்யாத பட்டுப்புடவையையும் கடந்து, வாயிற்படி இறங்கினாள் அவ்வீரமகள்.

சுகிர்தா செருப்பை மாட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனாள்.