நெரேயாவின் பன்னிரண்டு பாட்டில்கள்

"சனிக்கிழமை நெரேயா கல்யாணம். இன்னிக்கே ஒயின் பாட்டிலை எல்லாம் மேல கொண்டுவந்து நிமுத்தி வெச்சாத்தானே மண்டி அடியில உக்காரும்?" என்றாள் பெலிசா, நறுக்கிய வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எலாடியோ காப்பியை விழுங்கினார். "கொண்டுவரேன். என்ன அவசரம்?"

"இன்னிக்குப் புதன்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கணவர் நிலவறைக்கு இறங்கிப் போவதைப் பெலிசா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், அந்த வருஷத்து ஒயினை ஓக் பீப்பாயில் மூன்று வருஷம் கிடத்தி, பன்னிரண்டு பாட்டிலில் அடைத்து, நிலவறையின் கடைசி மாடத்தில் படுக்கவைப்பார்கள். பிள்ளையின் கல்யாணத்தன்றுதான் திறப்பார்கள். மகள் நெரேயாவின் பன்னிரண்டும் மாடத்தில் வரிசையாகத்தான் இருந்தன. எல்லாம் காலியாக.

பதினெட்டு வயதில் நெரேயா படிக்க பில்பாவோ நகரத்துக்குப் போனாள். வேலையும் அங்கேயே கிடைத்தது. பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வருவது நின்றுபோனது. முதல் வருஷம் அந்த நாளில் எலாடியோ கீழே இறங்கி, ஒயின் எப்படி இருக்கிறதென்று பார்ப்பதற்காக ஒன்றைத் திறந்தார். நிலவறைக்காரன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து மெல்ல மெல்லக் குடித்தார். ஒயின் முரடாக இருந்தது. அவளும் அப்போது அப்படித்தான். அடுத்த வருஷம் கொஞ்சம் கனிந்ததுபோல் பட்டது. அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். மகளைவிட அந்த ஒயினோடுதான் அவர் அதிகம் பேசினார், வாயைத் திறக்காமலே. பன்னிரண்டாவது பாட்டில் காலியான பிறகுதான் எண்ணிப் பார்த்தார்.

இப்போது நாலு வருஷ ஒயின் இருந்த பீப்பாயிலிருந்து பிடித்து அந்தக் காலிப் பாட்டில்களை நிரப்பினார். ஒயின் தெளிந்த ஓடை மாதிரி இருந்தது. முப்பது வருஷ ஒயினில் மண்டி இல்லாமல் இருக்குமா? பீப்பாய் அடியிலிருந்து பாட்டிலுக்கு ஒரு கரண்டி மண்டி போட்டார். எல்லாம் வெள்ளத்து ஆற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது.

தக்கைகள் புதிதாக வெளுத்துக் கிடந்தன. பழசாகத் தெரிவதற்காக ஒயினில் போட்டுக் கொதிக்கவைத்தார். அவை ஊதிப்போய் பாட்டில் வாய்க்குள் நுழைய மறுத்தன. மரச்சுத்தியால் தட்டினார். பதினொன்று இறங்கின. பன்னிரண்டாவதன் கழுத்து முறிந்தது.

வேறு பாட்டில் தேடியதில், தோளே இல்லாமல் சரிந்த பிரெஞ்சுப் பாட்டில் ஒன்றுதான் அகப்பட்டது. அதையும் நிரப்பினார். சிந்திய ஒயினைத் துடைத்தபோது எல்லாப் பாட்டில்களின் முப்பது வருஷத் தூசியும் சேர்ந்து போய்விட்டது. வேறு வழியில்லாமல் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக் கிழித்து அதிலிருந்த தூசியைத் தூவினார்.

வெள்ளிக்கிழமை பாட்டில்கள் மேசைக்கு வந்தன. பெலிசா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எலாடியோ, இது ஏன் தோளில்லாம நிக்குது?"

"வயசானா தோள் சரியாதா?"

"இந்த மஞ்ச முடி?"

"பூனை அதுமேல படுத்திருக்கும்."

"பன்னெண்டு பாட்டில் மேலயுமா?"

"நல்ல பூனைடி அது."

பெலிசா துணி எடுத்து வந்து முடியைத் துடைத்தாள். திட்டியிருந்தால்கூட எலாடியோ அன்றிரவு தூங்கியிருப்பார்.

சனிக்கிழமை மதியம் முற்றத்தில் திராட்சைக் குச்சித் தணலில் ஆட்டு விலா பொரிந்துகொண்டிருந்தது. எண்பது பேர் காலிக் கோப்பைகளோடு காத்திருந்தார்கள்.

"அப்பா, நீதான் ஊத்தணும்" என்று நெரேயா தன் கோப்பையை நீட்டினாள்.

எலாடியோ பாட்டிலைச் சாய்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து, திராட்சை பிழியும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். மாப்பிள்ளை உனாயும் பின்னாலேயே வந்தான். அதே ஊர்ப் பையன், பள்ளியில் நெரேயாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"நெரேயா, அது உன் ஒயின் இல்ல."

"என்னப்பா சொல்ற?"

"நாலு வருஷப் பீப்பாயில புடிச்சது. உன்னோடதை நான் குடிச்சுட்டேன். வருஷத்துக்கு ஒண்ணா. உன் பொறந்தநாள் அன்னிக்கு."

"பன்னெண்டையுமா?"

"பன்னெண்டையும். நீ வராதப்போ உன்கூட உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சும்மா. ஊருக்கே ஒயின் ருசி சொல்லிக்குடுக்கறவன் நான். அப்பிடி ஒரு ஒயினை வாழ்க்கையில குடிச்சதில்ல. ஒவ்வொரு வருஷமும் உன் குணம் அப்படியே அதுல தெரிஞ்சுது."

நெரேயாவின் முகம் காதுவரை சிவந்தது. கோபம் என்று நினைத்து எலாடியோ தலையைக் குனிந்துகொண்டார். அவள் மெல்லத் திரும்பி உனாயைப் பார்த்தாள்.

உனாய் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு சொன்னான்: "மாமா, அந்தப் பன்னெண்டையும் பதினேழு வயசுலயே திருவிழா அன்னிக்கு நானும் இவளும் கூட்டாளிங்களும் கோலா கலந்து குடிச்சுட்டோம், நீங்க குடிச்சதெல்லாம், நாங்க பயந்துபோய் ரொப்பி வெச்ச மளிகைக் கடையில அட்டைப்பெட்டியில விக்கற மலிவு ஒயின்."