பறக்காத ஜெட்டும் ஒரு படகுக் கோப்பையும்

ஆசிரியர் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வருஷா வருஷம் ஒரே பாடத்தை நடத்தி நடத்தி, அந்தப் பாடம் பிள்ளைகளுக்கு மட்டும்தான், நமக்குப் பொருந்தாது என்று ஒரு நினைப்பு வந்துவிடும். இந்த வியாதி எனக்கு இருபத்தாறு வயதிலேயே முற்றிப்போயிருந்தது. கோடைக்கானல் ஏரிக்கரையில் ஊரே கூடி நின்று அதற்கு வைத்தியம் பார்த்தது.

அப்போது நான் கோடைக்கானலில் ஒரு பள்ளியில் தற்காலிக அறிவியல் டீச்சர். அட்டுவம்பட்டியில் வாடகை அறை. சொந்த ஊர் கீழே பழனி. அங்கே என் அண்ணன் தண்டபாணி பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். பள்ளியில் நிரந்தர வேலை ஒன்று காலியானது. கிடைத்தால் மலையில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழனிக்கு இறங்கி, அண்ணன் கடையில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டவேண்டியதுதான். (லேபிள் ஒட்டுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு ஒட்டினால், மதினி டப்பாவுக்கு ஒரு தரம் அதை ஞாபகப்படுத்துவார்.)

நேர்காணலில் தாளாளர் கேட்டார்: "உங்களுக்கு வேலை குடுத்தா ஸ்கூலுக்குப் புதுசா என்னம்மா செய்வீங்க?"

ஒழுங்கான பெண்ணாக இருந்தால் "நல்லா பாடம் நடத்துவேன் சார்" என்று சொல்லியிருப்பாள். நான் சொன்னேன்: "ஏரித் தண்ணியில இருந்து கெளம்பிப் பறந்து, திரும்பத் தண்ணியிலயே வந்து எறங்குற ஜெட் விமானம் செய்வேன் சார். ரிமோட்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கோடை விழாவுல படகு அலங்காரப் போட்டி அன்னைக்கு ஊரே அங்கதான் இருக்கும். போட்டிக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் கேட்டு வாங்கித் தர்றேன். பறந்துச்சுன்னா வேலை உங்களுக்கு."

"பறக்கும் சார்," என்றேன். அதுவரை காகித ராக்கெட் தவிர நான் எதையும் பறக்கவிட்டதில்லை.

தைரியத்துக்குக் காரணம் பிரௌசிங் சென்டரில் பார்த்த ஒரு வீடியோ. (அந்தக் காலத்தில் ஒரு வீடியோ முழுசாகத் திறப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.) எவனோ ஒரு வெள்ளைக்காரன் நுரை அட்டையில் ஜெட் செய்து குளத்தில் இருந்து கிளப்பிக்கொண்டிருந்தான். நிஜ ஜெட் இல்லை. முகம் மட்டும்தான் ஜெட். முதுகில் ஒரு சின்ன மோட்டார், பின்னாலிருந்து தள்ளுகிற விசிறி, அவ்வளவுதான். 'இவ்வளவுதானா!' என்று நினைத்தேன். இந்த 'இவ்வளவுதானா' என்ற சொல் என்னைக் கவிழ்த்த அளவுக்கு வேறெதுவும் கவிழ்த்ததில்லை.

மோட்டார், பேட்டரி, ரிமோட் எல்லாம் சிங்கப்பூரில் இருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்தான். லீவுக்குப் பழனி போய், கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் தொழிற்சாலையைத் திறந்தேன். முதல் விமானத்தின் இறக்கைகளை ரப்பர் பசையால் ஒட்டினேன். பசை தெர்மாகோலைத் தின்றுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் வெயிலில் வைத்த குல்ஃபி மாதிரி கிடந்தது. இரண்டாவது விமானம் தண்ணீரில் நன்றாக ஓடியது. ஆனால் தண்ணீர் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வயிற்றின் நடுவில் ஒரு சின்னப் படி வெட்டினால் பிடி விட்டுவிடும் என்று கண்டுபிடித்து, மூன்றாவதை அப்படிச் செய்தேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கர்வம் ஒரு மனுஷிக்கு ஆகாது.

தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க உடம்பு முழுக்க டேப் சுற்றவேண்டியிருந்தது. கையில் அகப்பட்டது அண்ணன் கடை பார்சல் டேப். அதில் கடைப் பெயரும், 'மலை வாழைப்பழத்தில் தயாரித்தது' என்பதும், 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்பதும் சிவப்பு எழுத்தில் வரிசையாக ஓடும். மூக்கில் இருந்து வால் வரை அதையே சுற்றினேன்.

ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் சோதனை. விமானம் சீறிக்கொண்டு ஓடி, எதிர்க்கரை நெருங்கும் நேரத்தில் மெல்ல எழும்பி, ஒரு வட்டமடித்துத் திரும்ப வந்து தண்ணீரில் உட்கார்ந்தது. நான் கரையில் குதித்தேன். அண்ணன் மட்டும் தாடையைச் சொறிந்தார்.

"ஏத்தா, அது கொஞ்சம் முக்கித்தானே ஏறுது?"

"ஏறுதா இல்லியா?"

"ஏறுது..."

"அப்புறமென்னண்ணே?"

போட்டிக்கு முதல் நாள் வெள்ளனே அண்ணனும் நானும் கோடைக்கானல் பஸ் ஏறினோம். விமானத்துக்குக் கடைசி சீட். கண்டக்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுதான் பறக்கும்ங்கிறீங்களேம்மா, பெறகு எதுக்கு பஸ்ல ஏத்துறீங்க?" பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விஞ்ஞானிகளை உலகம் இப்படித்தான் நடத்தும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாதி மலை ஏறியிருப்போம். முன் சீட்டில் ஒரு அம்மா வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிவிட்டது. "கெட்டுப்போச்சு போலிருக்கே," என்று அவர் முகத்தைச் சுளித்ததும் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். "கெடலைங்கம்மா. மேல போகப் போகக் காத்து லேசாயிரும். கீழ அடைச்ச பாக்கெட்டுங்கிறதால உள்ள இருக்கிற காத்து வெளிய தள்ளுது. கோடைக்கானல்ல காத்து அஞ்சுல ஒரு பங்கு கம்மிங்க," என்று ஏழு கொண்டை ஊசி வளைவுக்குப் பாடம் நடத்தினேன். அந்த அம்மா பாவம், காது கொடுத்துக் கேட்டார். அண்ணனும் கேட்டார். கேட்காத ஆள் நான் ஒருத்திதான்.

மறுநாள் ஏரிக்கரையில் தலை தலையாகக் கூட்டம். பூவில் செய்த அன்னம், காய்கறியில் செய்த யானை என்று அலங்காரப் படகுகள் ஓரமாக வரிசையில் நின்றன. தாளாளர் ஸ்வெட்டரும் குல்லாயுமாக முதல் வரிசையில். நான் படகுத்துறைப் பலகையில் நின்று, மந்திரி கொடியசைப்பது மாதிரி ஒரு கையை உயர்த்திவிட்டு ரிமோட்டை முடுக்கினேன்.

விமானம் சீறியது. ஜனம் "ஓ..." என்றது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஏரியில் பாதி தூரம் போயும் மூக்கைத் தூக்குவதாக இல்லை. வளைத்துத் திருப்பி மறுபடி விரட்டினேன். மறுபடியும் ஓடியது. மூன்றாம் முறை ஜனத்தின் "ஓ" சிரிப்பாக மாறியிருந்தது. நான்காம் முறை திருப்பத்தில் அது அன்னத்தின் பக்கமாகப் போய், தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த சாமந்தி மாலைக்குள் மூக்கை நுழைத்து, மாலையும் கழுத்துமாகக் கம்பீரமாக வெளியே வந்தது.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் அதற்குள் அதன் மேல் இருந்த சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டார். "அடுத்ததாக நம்மை நோக்கி வந்துகொண்டிருப்பது, பழனியிலிருந்து பஞ்சாமிர்தப் படகு! ஓட்டுநர் இல்லாமலே வருகிறது! மலை வாழைப்பழத்தில் தயாரித்தது! இவர்களுக்கு வேறு கிளைகள் கிடையாது!"

கைத்தட்டல் மலையில் மோதித் திரும்பியது. வேலை போச்சு, மானம் போச்சு, மதினி ஜெயிச்சாச்சு. "பேட்டரி வீக்கு. வேறொண்ணுமில்ல, பேட்டரிதான்," என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பின்னால் வந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டார்: "ஏத்தா, நேத்து பஸ்ல சிப்ஸ் பாக்கெட்டுக்குச் சொன்னியே, காத்து கம்மின்னு. அது இதுக்கும் உண்டா?"

ரிமோட்டைப் பலகை மேல் வைத்தேன். இறக்கையைத் தூக்குவதும் காற்றுதான், விசிறி தள்ளுவதும் காற்றுதான். பழனியிலேயே முக்கி ஏறியது, ஏழாயிரம் அடி உயரத்தில் எங்கே ஏறும்? எட்டாம் வகுப்புப் பாடம். அந்த வருஷம் மட்டும் மூன்று பிரிவுக்கு நடத்தியிருந்தேன்.

தாளாளர் எழுந்து வந்துவிட்டார். "ஏம்மா பறக்கல?"

பேட்டரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "இங்க காத்து லேசு சார். கணக்குல சேர்க்க மறந்துட்டேன். தப்பு என் மேலதான்," என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். பெரிய ஞானம் வந்து அழுததாக நினைக்கவேண்டாம். சுத்தமான ஆத்திரம்.

அவர் பதில் சொல்வதற்குள் மைக் கூப்பிட்டது. நடுவர்களுக்கு விமானம் என்ற விஷயமே தெரியவில்லை. மாலை போட்டிருந்ததால் அலங்காரப் படகு என்றே எடுத்துக்கொண்டு, சிறப்புப் பரிசுக் கோப்பையை அறிவித்துவிட்டார்கள். தாளாளர் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், குல்லாயைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று போய் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் அறைக்குப் போனேன், ராஜினாமா மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டு. கோப்பை மேஜை மேல் பளபளத்தது. "இத்தனை வருசத்துல நம்ம ஸ்கூலுக்கு ஏரியில இருந்து ஒரு கப்பு வந்ததில்லம்மா. பறந்திருந்தா ஏதாவது மரத்துல மாட்டிருக்கும், இது வந்திருக்காது," என்று ஒரு காகிதத்தை நீட்டினார். நிரந்தர வேலை உத்தரவு. அறிவியல் ஆசிரியை, அதன் கீழே பேனாவால், 'மற்றும் படகுப் போட்டிப் பொறுப்பாளர்'. எனக்கு நீச்சல் தெரியாது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தப் பொறுப்பு என் தலையில்தான்.

சில வருஷம் கழித்துப் பள்ளியே என்னை டெல்லிக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. மதுரையில் ஏறினேன், முதல் விமானப் பயணம். டெல்லியில் இறங்கி மொபைலைப் போட்டதும் அண்ணனிடமிருந்து போன்.

"ஏத்தா, ஏறுச்சா? இல்ல டெல்லி வரைக்கும் ரோட்டுலயே ஓட்டிக்கிட்டு வந்துட்டானா?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் விமானத்தில் போனாலும், இறங்கியதும் முதலில் வருகிற கேள்வி "சாப்பிட்டியா" இல்லை, "ஏறுச்சா" என்பதுதான்.